ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி

அன்புள்ள சகினாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் பிள்ளைகள் இருவரும் நலமா? அம்மாவின் முட்டிவலி குறைந்ததா? நந்தனம் ஜிம்மில் என் வாட்ச்மேன் வேலை நன்றாகப் போகிறது.

ஒரு வேடிக்கை கேள். இங்கு வந்த நான்கு மாதத்தில் ஆறு கிலோ கூடிவிட்டேன். குறைக்கிறேன் என்று இரண்டு நாள் பட்டினி கிடந்து, வாசலில் லேசாகத் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டேன். பயப்படாதே. ஜிம்மைப் பெருக்கும் அன்புக்கரசி டீ வாங்கிக் கொடுத்துத் திட்டினாள்.

“இன்னாண்ணா, பட்னி கெடந்தா தொப்பை மட்டுமா போவும்? சதையும் சேர்ந்து பூடும். ஒடம்பு செலவு பண்றத வுட கொஞ்சம் கம்மியா துன்னு. முட்டை துன்னு, வெயிட்டு தூக்கு.”

அவள் சொன்னால் நம்பலாம். பயிற்சிக்கு வருகிறவர்கள் தரையில் போட்டுவிட்டுப் போகும் இரும்புத் தட்டுகளைத் தினமும் தூக்கி அடுக்குபவள் அவள். சோற்றை அளந்து தின்று, ஒரே வருடத்தில் பத்து கிலோ குறைத்திருக்கிறாள். கையை மடக்கிக் காட்டினாள். கோச் பிரபுவுக்குக்கூட அப்படி இல்லை, மாஷா அல்லாஹ்.

“நீ எவ்ளோ அரிசி போடுற?” என்று கேட்டாள். சமைக்கும்போது அள்ளுவதுபோல் வெறுங்கையால் அள்ளிக் காட்டினேன். சிரித்துவிட்டாள்.

இதைக் கொண்டுவரும் காஷிஃபிடம் நம் வீட்டுச் சின்ன உழக்கைக் கொடுத்தனுப்பு. ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி என்றும் எழுது. என் கை இன்னும் நம் ஐந்து பேருக்கும்தான் அள்ளுகிறது.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது.

கலீமுல்லா