டோலினாவில் வேகன் நின்றதே இல்லை

டோலினா, சஸ்காட்செவன்
12 அக்டோபர் 1998

அன்புள்ள தம்பி ஓரெஸ்டுக்கு,

இங்கு நலம். நீயும் மரூஷாவும் நலம்தானே? உன் முதுகுவலி எப்படி? என் தோள்பட்டை பழையபடிதான். லாரியின் கியரைத் தள்ள இப்போது இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.

சரி, விசாரிப்பு முடிந்தது. இனி சண்டை. எங்கே வேகன்? கோதுமை களஞ்சியத்தில் நிரம்பி வழிகிறது. நானும் பக்கத்து நிலத்து டிமித்ரோவும் இன்னும் நான்கு வீட்டாரும் செப்டம்பர் முதல் வாரமே உங்கள் ரயில் கம்பெனியில் ஏழு வேகன் கேட்டுப் பதிவு செய்தோம். ஐந்து வாரம் ஆயிற்று. போன் செய்தால் ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து என்று ஏதோ இயந்திரம் பேசுகிறது. பிறகு பாட்டு. பாட்டு முடிந்து ஒரு பெண் வந்தாள்.

"டோலினாவா? அது எங்கம்மா இருக்கு?" என்று என்னையே கேட்கிறாள்.

"உங்க தண்டவாளம்தாம்மா, உங்களுக்கே தெரியாதா?" என்றேன். மறுபடி பாட்டு.

அரசாங்கம் ரயிலை நடத்தியபோது வேகன் தாமதமாகத்தான் வரும். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வரும். தனியாருக்கு விற்று மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் எங்கள் ஊரே அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. கிரேஸனில் மட்டும் நூறு வேகனை ஒரே வண்டியாக நிரப்பி ஓட்டுகிறார்கள். அது நம் ஊரைத் தாண்டும்போது டிமித்ரோ தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போடுகிறான். நீயும் கம்பெனியில் பங்கு வாங்கிய முதலாளிதானே? எங்களைக் கொஞ்சம் கவனிக்கக் கூடாதா?

கிரேஸன் தொண்ணூறு கிலோமீட்டர். பனியில் இந்தத் தோளை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் லாரி ஓட்ட என்னால் ஆகாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே நம் சைடிங் இருக்கிறது, மெயின் பாதையிலிருந்து ஒதுங்கி அதில் வேகன் வந்து நின்றால் நாங்களே கோதுமையை ஏற்றிக்கொள்கிறோம். அவர் போன பிறகும் நான் விவசாயம் பார்ப்பது அதை நம்பித்தான். அது இல்லையென்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு உன் வீட்டு மாடியில் வந்து உட்கார வேண்டியதுதான். மரூஷாவிடம் சொல்லிப் பார், பயந்துவிடுவாள்.

போன வருஷம் செய்தாயே, அப்படி ஏதாவது செய்.

அன்புடன்,
அக்கா ஸ்லாவ்கா


எட்மன்டன்
19 அக்டோபர் 1998

அன்புள்ள அக்கா,

திட்டு வந்து சேர்ந்தது. மரூஷாவும் படித்தாள். "வரட்டும், ஆனா என் அடுப்படிப் பக்கம் மட்டும் வரக் கூடாது" என்று சொல்லச் சொன்னாள்.

எந்த வண்டி எந்த வேகனை எங்கே விட வேண்டும் என்று எழுதுவது என் மேஜைதான். ஆனால் புதுக் கம்ப்யூட்டர் நூறு வேகன் கேட்பவனைத் தலையில் வைக்கிறது, ஏழு வேகன் கேட்பவனை வாலில் கட்டுகிறது. நான் மேலே தூக்கி வைத்தால் மறுநாள் காலையில் அது தானாகக் கீழே போய் உட்கார்ந்துகொள்கிறது. எனக்கே பைத்தியம் பிடிக்கிறது. புது மேலதிகாரியிடம் சொன்னேன். "சின்ன ஊரெல்லாம் நமக்கு எதுக்கு ஓரெஸ்ட்?" என்றார். அந்த ஆள் தண்டவாளத்தில் கால் வைத்தே நான் பார்த்ததில்லை.

ஆகவே போன வருஷத்து வழிதான். கிரேஸனுக்கு நூற்றியேழு வேகன் என்று எழுதிவிடுகிறேன். வழியில் அதில் ஏழு வேகனை டோலினாவில் கழற்றிவிடும்படி, வண்டியோடு வரும் கண்டக்டருக்குக் கையால் ஒரு சீட்டு. நிரப்பியதும் கிரேஸன் பெயரிலேயே துறைமுகம் போய்விடும். ஒன்று மட்டும் மறக்காதே, நீங்கள் கொடுத்த பதிவை ஆறு வீட்டாரும் ரத்து செய்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் யாராவது கேள்வி கேட்பார்கள்.

உன் தம்பி,
ஓரெஸ்ட்


டோலினா
4 டிசம்பர் 1998

அன்புள்ள தம்பி,

வேகன் வந்தது! நீ நன்றாக இருக்க வேண்டும். ஆறு வீட்டையும் பதிவை ரத்து செய்ய வைத்தேன். டிமித்ரோ மட்டும் முரண்டு பிடித்தான். "பேர்ல பதிவு இருக்கட்டுமே ஸ்லாவ்கா, அது என்ன சோறா கேக்குது?" என்றான். தம்பி சொல்கிறான் என்றதும் அடங்கினான்.

குறை சொல்லாமல் எப்படி முடிப்பது? வேகன்களைச் சைடிங்கின் மேற்குக் கடைசியில், முழங்கால் பனிக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். முன்பு மூன்று பேர் பார்த்த வேலையை அந்தக் கண்டக்டர் ஒருவர் பார்க்கிறார், பாவம். மீசையெல்லாம் பனிக்கட்டி.

"கொஞ்சம் முன்னாடி இழுத்து விடுங்களேன்" என்றேன்.

"இதுவே இல்லாத ஊருக்கு வந்த வேகன்மா, சத்தம் போடாம ஏத்திக்குங்க" என்று உன் சீட்டை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினாற்போலத்தான் இருக்கிறது. போன வருஷத்துச் சீட்டுகளோடு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். சைபருக்குக் கீழே முப்பத்தொரு டிகிரியில் இரண்டு நாள் மண்வாரியும் கையுமாக நின்று ஏற்றினோம்.

நம் பழைய காலண்டர்படி ஜனவரி ஏழு கிறிஸ்துமஸுக்கு வா. ஹொலுப்ச்சி சுருட்ட முட்டைக்கோஸ் இலை எடுத்து வைத்துவிட்டேன்.

அக்கா


டோலினா
15 ஏப்ரல் 1999

ஓரெஸ்ட்,

கிறிஸ்துமஸுக்கு வேலை என்றாய், ஈஸ்டருக்கு வருகிறேன் என்றாய், அதற்கும் வரவில்லை. ஏன் என்று இன்றைய பேப்பரைப் பார்த்ததும் புரிந்தது. உங்கள் கம்பெனி அறிவிப்பு. மூடப்போகும் சைடிங்குகள் பட்டியலில் நான்காவது டோலினா. காரணமும் போட்டிருக்கிறார்கள், இரண்டு வருஷமாக இங்கே ஒரு வேகன்கூட நிற்கவில்லையாம்!

என்னடா இது? இரண்டு குளிர்காலம் இந்தக் கையால் ஏற்றினேனே, அதெல்லாம் கனவா? நீ கிரேஸன் பெயரில் எழுதினாய், நாங்கள் பதிவையும் ரத்து செய்தோம். அவர்கள் பார்த்தால் டோலினா சைபர். உன் உதவி என் கழுத்தை அறுத்துவிட்டது தம்பி. பட்டியல் யார் மேஜையில் தயாரானது? அதை மட்டும் சொல்.

ஸ்லாவ்கா


எட்மன்டன்
24 ஏப்ரல் 1999

அக்கா,

என் மேஜையில்தான். அந்தந்த வருஷத்துக்கு வேகன் அனுப்பத்தான் யோசித்தேன், கணக்கில் டோலினா சைபர் ஆகிவிடும் என்று யோசிக்கவே இல்லை. பிப்ரவரியில் கம்ப்யூட்டர் பட்டியலைத் துப்பியது. அதில் டோலினாவும் இருந்தது. அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். ஏன் என்று கேட்பார்கள். வேகனைப் பொய்ப் பெயரில் ஓட்டியவனுக்கு அன்றே சீட்டு கிழியும். முப்பத்தொரு வருஷ சர்வீஸ், பென்ஷனுக்கு இன்னும் பத்தொன்பது மாதம். மரூஷாவின் கண் ஆபரேஷன் வேறு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மே 19 அன்று உங்கள் ஊர் மன்றத்தில் அரசாங்க ஆட்கள் விசாரணை வைப்பார்கள். அங்கே வேகன் நின்றதற்கு ஒரு அத்தாட்சி காட்டினால் போதும், சைடிங்கை மூட முடியாது. என் சீட்டுகள் உன்னிடம் இருக்கின்றன. உன் விருப்பம் அக்கா. நீ என்ன செய்தாலும் நான் கோபப்பட மாட்டேன்.

ஓரெஸ்ட்


டோலினா
21 மே 1999

ஓரெஸ்டுக்கு,

விசாரணை முடிந்தது. உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். என் வாயால் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

விசாரிக்க ஒட்டாவாவிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். நல்ல மனுஷி. உங்கள் கம்பெனி வக்கீல் ஒரு தாளை ஆட்டிக்கொண்டே இருந்தார், அதில் எல்லாம் சைபர். டிமித்ரோ எழுந்து கத்தினான், "நாங்க ஏத்துனோம்மா! இந்த ஊரே ஏத்துச்சு!" அந்த அம்மாள் பொறுமையாக, "நம்புறேங்க. ஆனா ஒரு தாள் வேணும். ஒரே ஒரு தாள் இருந்தாப் போதும்" என்றார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு குளிர்காலத்துச் சீட்டு பதினொன்றும் என் மடியில், கைப்பைக்குள் இருந்தன.

"உன்கிட்டதானே இருக்கு, குடு ஸ்லாவ்கா" என்றான் டிமித்ரோ.

"இல்ல. குளிருக்கு அடுப்புல போட்டுட்டேன்" என்றேன்.

மற்ற ஐந்து வீட்டிலும் இப்போது யாரும் என்னோடு பேசுவதில்லை. டிமித்ரோ எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போகிறான். அவன் மகன் பெயரில் வாங்கிய நிலத்தையும் சேர்த்து விற்கப் போகிறானாம். என் நிலத்தைக் குத்தகைக்குப் பேசிவிட்டேன். மாடிக்கு வர மாட்டேன், பயப்படாதே. மரூஷாவின் கண் நன்றாகக் குணமாகட்டும், அதை மனதாரச் சொல்கிறேன்.

நீ கிரேஸன் பெயரில் எழுதியதற்குக் கோபமில்லை. பயந்து கையெழுத்துப் போட்டதற்குக்கூட இல்லை, பயம் யாருக்குத்தான் இல்லை? "உன் விருப்பம்" என்று எழுதினாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உன்னைக் காட்டிக்கொடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டினாய், ஊரைக் காட்டிக்கொடுக்கும் வேலையையும் என் தலையில் கட்டினாய். கதவோரம் உனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தேன். எப்படியும் வந்து எழுந்து நிற்பாய் என்று நினைத்தேன். கூட்டம் முடிந்து ஆட்கள் நாற்காலிகளை அடுக்கும்வரை பார்த்தேன்.

சீட்டுகளை இதனோடு வைத்திருக்கிறேன். பத்திரமாக எரித்துவிடு. பதில் போட வேண்டாம்.

தண்டவாளத்தைப் பெயர்க்க ஜூலை 12 காலை எட்டரைக்கு வண்டி வரும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதுவும் உன் மேஜையிலிருந்துதான் வரும். அது மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்துவிடும்.

ஸ்லாவ்கா ஹ்ரினியுக்