அப்பா நிறுத்திய சர்க்கரை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கேயும் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார், அதனால்தான் கடிதம்.

காசநோய் மாத்திரையை அவர் ஒழுங்காகத்தான் போடுகிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் போன மாதம் உன் ஆராய்ச்சியைப் பற்றி அவருக்கு விளக்கினாயே, அன்றைக்குப் பிடித்தது சனி. இந்தக் கிருமி நம் உடம்பைக் காக்கிற செல்லுக்குள்ளேயே போய்க் குடியிருக்கும், உடம்பு அபாயச் செய்தி அனுப்பியதும் அந்தச் செல் தன் போக்கையே மாற்றிக்கொண்டு சர்க்கரையை அள்ளி அள்ளி எரிக்கும் என்றாயாம். அதற்குள் லேபில் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டாய். மீதியை இவரே முடித்துக்கொண்டார். ஆயுள் முழுக்க பஸ் இன்ஜினைப் பிரித்துப் பூட்டியவர் அல்லவா, டீசலை நிறுத்தினால் வண்டி நிற்கும், சர்க்கரையை நிறுத்தினால் உள்ளே இருக்கிற கிருமி பட்டினியில் சாகும் என்று கண்டுபிடித்துவிட்டார். முதலில் டீயில் சர்க்கரை போனது, பிறகு பழம், இப்போது சோறும் பேருக்குத்தான். சட்டை தோளில் தொங்குகிறது, பெல்ட்டில் ஆணியை வைத்துப் புது ஓட்டை போட்டிருக்கிறார். டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, நான்தான் பட்டினி போடுகிறேன் என்பதுபோல என்னை முறைத்தார். இப்படியே இளைத்தால் உடம்பு தாங்காது என்றார். இவர் கொஞ்சமும் அசராமல், “என் பொண்ணு இதைத்தான் ஆராய்ச்சி பண்றா, சந்தேகம்னா அவகிட்ட கேளுங்க” என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நான் மெசேஜில் கேட்டதற்கு, செல் சர்க்கரையை எரிப்பதே கிருமியோடு சண்டை போடத்தான், சாப்பாட்டை நிறுத்தினால் நம் உடம்புதான் சோர்ந்துபோகும் என்று எழுதினாய். சரி, கடைசியில் எதற்கு ஒரு சிரிக்கிற பொம்மை? அதைக் காட்டியதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. இதை நீ எழுதவே இல்லை, நானாக ஏதோ செய்து காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவரோடு மல்லுக்கட்டி எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றியதுதான் மிச்சம். எனக்கு உன்மேலும் கோபம்தான். அவ்வளவு படித்தவளுக்கு, நோயாளியிடம் பாதி சொல்லி நிறுத்தக் கூடாது என்று தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடு, மறந்துவிடாதே. நீங்கள் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள் என்று ஆரம்பிக்காதே. அன்று நான் பாதியில் வைத்துவிட்டேன் அப்பா, மீதியைக் கேளுங்கள் என்று ஆரம்பி. சிரிக்காதே. நீ இத்தனை வருஷம் படித்ததில் தனக்கும் ஒன்று புரிந்துவிட்டது என்று அவர் நினைப்பது இது ஒன்றைத்தான். நீ சொல்லி முடிக்கும்வரை தட்டைப் போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி அண்டாமல் நன்றாக இரு.

கோபத்தோடும் ஆசையோடும்,
உன் அம்மா