நீ அனுப்பிய அயனிப் பெட்டி

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. உன் மனைவிக்கு முதுகுவலி தேவலையா? இதைப் பாதி படித்துவிட்டு அண்ணனுக்குப் போன் போடாதே. முழுக்கப் படி.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. அதிலிருந்து வரும் எதிர்மின் அயனிகள் காற்றைத் துலக்கிவிடும், ஸ்பீக்கரில் பாட்டு பளிச்சென்று கேட்கும் என்று எழுதியிருந்தாயே, அதை உன் அண்ணன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பட்டறையில் ரிப்பேருக்கு வந்த ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவில் அதை வைத்து நாள் முழுக்க ஓட விடுகிறார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதன் பெருமைதான். அயனி ஆம்ப்ளிஃபயரை என்ன செய்யுமோ, எனக்குத் தெரியாது. ஒரு நாள் அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அணைத்துவிட்டேன். திரும்பி வந்தவர் பெட்டியில் விளக்கு எரியாததைக்கூடக் கவனிக்கவில்லை. பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, இன்றைக்கு அயனி பிரமாதமாக வேலை செய்கிறது என்றார். சிரிப்பதா அழுவதா, நீயே சொல்லு.

அதோடு போயிருந்தால் உன்னைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். அந்தப் பெட்டி ஓடும்போது கொசு மாதிரி ஒரு கீச்சுச் சத்தம் போடுகிறது. சமையலறை வரை வந்து தலையைக் குடைகிறது. போன வாரம் பொறுக்க முடியாமல், சத்தத்தை நிறுத்தித் தொலையுங்கள் என்றேன். ஓடுகிற பெட்டியின் மேலேயே காதை வைத்துப் பார்த்தார். "என்ன சத்தம்? ஒண்ணும் இல்லையே. உனக்குத்தான் காதுல ஏதோ கோளாறு" என்றார்.

யோசித்தால் ஒரு வருடமாகவே இப்படித்தான். சரிசெய்த ஒவ்வொன்றிலும், கீச்சு ஒலியைக் கூட்டுமே, அந்த ட்ரெபிள் குமிழைக் கடைசி வரை திருகி வைக்கிறார். எடுத்துப் போனவர்கள் காதைக் கிழிக்கிறது என்று திரும்பக் கொண்டுவந்தார்கள். உங்கள் வீட்டுக் காற்று சரியில்லை என்று சொல்லி அனுப்பினார். இப்போதெல்லாம் ஆள் வந்து வாங்குவதற்குள் நான் போய்க் குமிழைக் குறைத்து வைத்துவிடுகிறேன். கட்டின புருஷனுக்குத் தெரியாமல் திருட்டு வேலை. அலுத்துப்போய்விட்டது தம்பி. டாக்டரிடம் போகலாம் என்று ஒரு தரம் ஜாடையாகச் சொன்னேன். என் காதைப் பற்றி எனக்கே பாடமா என்று எரிந்து விழுந்து, அன்று சாப்பிடவே இல்லை.

நேற்று சாப்பாட்டில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ ஏன் இப்பல்லாம் வாய்க்குள்ளயே பேசுற? என் மேல ஏதாவது கோபமா?" என்று கேட்டார். கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிக் கிடக்கிறது.

இனி எந்தப் பெட்டியும் வேண்டாம். நீயே புறப்பட்டு வா. உன் பேச்சை அவர் தட்ட மாட்டார். டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, அண்ணிக்கு அவர் மேல் கோபமே இல்லை என்று நிதானமாகச் சொல்லு.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அண்ணி