பூட்டிக்கொண்ட கதவுக்கு வெளியே நாம் இருவர்

அக்கா,

இன்று காலை மளிகை வந்தது. கொண்டு வந்தவர் பைகளை வாசலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, நான் கதவைத் திறப்பதற்குள் இறங்கிப் போய்விட்டார். பழுப்புத் தாள் பையின் அடிப்பாகம் நனைந்திருந்தது. பிரித்ததும் கொத்தமல்லியும் சலவைத் தூளும் ஈரத் தாளும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. உங்கள் மேல் எப்போதும் இருந்த வாடை அது. அதற்குப் பிறகு எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. துவரம்பருப்பைச் சர்க்கரை டப்பாவில் கொட்டினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். பாப்பா தூங்கியதும் கடைசியில் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது.

நீங்கள் முதன்முதலில் வந்தபோது பாப்பாவுக்கு மூன்று மாதம். ஓசூருக்கு வந்து நான்கு வருடமாகியும் எனக்கு இங்கே ஆள் என்று யாரும் இல்லை. வேலைக்குப் போனவரைக்கும் கம்பெனி பஸ்ஸில் பேச நாலு பேர் இருந்தார்கள். பிள்ளை பிறந்து வேலையை விட்டதும் அதுவும் போயிற்று. அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பினால் மூன்றாவது மாடியில் நானும் குழந்தையும் மட்டும்தான். கடைக்கு இறங்கி ஏற முடியாமல்தான் மளிகையைப் போனில் வரவழைக்க ஆரம்பித்தோம். 'குழந்தை தூங்கும், மணி அடிக்க வேண்டாம்' என்று ஆர்டரில் எழுதுவேன். யாரும் படிக்க மாட்டார்கள். நீங்கள் படித்தீர்கள். விரல் கணுவால் இரண்டு தட்டு, பிறகு கதவிடுக்கில் வாய் வைத்தது போல ஒரு சின்னக் குரல்: "பாப்பா ஊடு, சாமான் வந்திருக்குது."

என் பேச்சைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள். "அது என்னா வந்தாங்க போனாங்கன்னு சொல்லாம, வந்தாக போனாக? எந்த ஊரும்மா நீ?" அருப்புக்கோட்டைப் பக்கம் என்றேன். நீங்கள் என்னிடம் தமிழ் பேசினீர்கள், கீழ்வீட்டுக்காரரிடம் கன்னடம் பேசினீர்கள், பாப்பாவிடம் மட்டும் தெலுங்கு. அவள் அழுதால், "ஏடவத்து தல்லி, ஏடவத்து," என்று வாசலிலேயே நின்று கொஞ்சுவீர்கள். அழாதே அம்மா என்று அர்த்தம் என்பதை நானாகவே புரிந்துகொண்டேன். அவளும் புரிந்துகொண்ட மாதிரி நிறுத்திவிடுவாள்.

பை எத்தனை இருந்தாலும் நீங்களே இரண்டு தடவை ஏறி இறங்குவீர்கள். நான் ஒத்தாசைக்கு வந்தால் விரட்டுவீர்கள். "புள்ளய உட்டுட்டு வெளிய வராத. உள்ள போ." அதைத்தான் அன்றைக்கு நான் கேட்கவில்லை.

பாப்பாவுக்கு அப்போது ஏழு மாதம். தவழ ஆரம்பித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலை பதினோரு மணி இருக்கும். அடுப்பில் பால் வைத்திருந்தேன். மிக்ஸி ஓடிக்கொண்டிருந்ததால் உங்கள் தட்டல் எனக்குக் கேட்கவில்லை, நீங்கள் முதல் தடவையாக மணியை அடித்தீர்கள். திறந்தேன். தோளில் அரிசிப் பை, நெற்றியெல்லாம் வியர்வை. அதை வாசலுக்குள் இறக்கிவிட்டு மூச்சு வாங்கினீர்கள். இன்னொரு பை ஆறு படி கீழே இருந்தது. "இருங்கக்கா, நான் எடுக்கேன்," என்று நான் இறங்கினேன். நீங்கள் "ஏய், வேணாம்" என்று என் பின்னாலேயே வந்தீர்கள். பின்பக்கப் பால்கனிக் கதவு திறந்திருந்தது. ஓசூர்க் காற்றைச் சொல்ல வேண்டுமா? வாசல் கதவு படாரென்று அடித்துக்கொண்டது. சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டு அது.

சாவி உள்ளே. போன் உள்ளே. அடுப்பில் பால். தரையில் பாப்பா.

நான் கதவை இடித்தேன். உள்ளேயிருந்து அவள் அழும் சத்தம் கேட்டது. இன்னொரு சாவி அவரிடம் இருந்தது. உங்கள் போனை நீட்டி, "நம்பர் சொல்லு," என்றீர்கள். எனக்குப் புருஷன் நம்பர் மனப்பாடமில்லை. இருந்தாலும் பயனில்லை, அவர்கள் கம்பெனியில் போனை வாசல் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பக்கத்து வீடும் கீழ்வீடும் பூட்டிக் கிடந்தன. வீட்டு ஓனர் பெங்களூரில். நீங்கள் தீயணைப்புக்குப் போன் போட்டு விலாசம் சொன்னீர்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தீய்ந்த பால் வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டால் கேஸ் அப்படியே வெளியே வரும். அதை நாம் இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

"பால்கனி தொறந்துதான இருக்குது? மாடிக்கு வா."

மொட்டை மாடிக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடினீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, கைப்பிடிச் சுவரில் ஏறி உட்கார்ந்தீர்கள். கீழே சன்ஷேடு. அதற்குக் கீழே எங்கள் பால்கனிச் சுவர். அதற்கும் கீழே மூன்று மாடி ஆழத்தில் பைக்குகள் நின்றன.

"அக்கா, வேணாங்க்கா. அவுக வரட்டும்."

"அவங்க வர்ற வரைக்கும் கேஸு நிக்குமா? என் கைய புடி. நான் உடுன்னு சொன்னா உட்டுடணும். புரிஞ்சுதா?"

உங்கள் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். ஒரு காலைச் சன்ஷேடில் வைத்தீர்கள். தண்ணீர்க் குழாயைப் பிடித்தீர்கள். அந்த நேரம் பார்த்து உள்ளே பாப்பாவின் அழுகை நின்றுவிட்டது. சட்டென்று நின்றது, அக்கா. அழுகை நின்றால் சந்தோஷப்படுகிற நான் அன்றைக்கு அவள் அழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். நீங்களும் அதைக் கேட்டீர்கள். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்து, "உடு," என்றீர்கள். விட்டேன். பால்கனிக்குள் நீங்கள் விழுந்த சத்தம்தான் கேட்டது.

நான் படியில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கதவைத் திறந்துகொண்டு நீங்கள் நின்றீர்கள். பாப்பா உங்கள் இடுப்பில் இருந்தாள். உங்கள் விரலில் ஈரமான வெங்காயத் தோல் ஒட்டியிருந்தது. "தொண்டைல சிக்கியிருந்துச்சு. எடுத்துட்டன். கேஸும் மூடிட்டன். ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல." வெங்காயக் கூடை வரைக்கும் தவழ்ந்து போயிருக்கிறாள். அவளுடைய உதடு நீலம் பாரித்திருந்தது. பிறகு வீறிட்டு அழுதாள்.

உங்கள் கையிலிருந்து அவளைப் பிடுங்கிக்கொண்டு நான் சொன்ன முதல் வார்த்தை நினைவிருக்கிறதா? எனக்கு அது மறக்கவில்லை. "நீங்க மட்டும் மணியடிக்காம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமா?" என்று கத்தினேன்.

நீங்கள் சமையலறைக்குப் போனீர்கள். தண்ணீர் மொண்டு கொடுத்தீர்கள். தீயணைப்புக்குத் திரும்பவும் போன் செய்து வர வேண்டாம் என்றீர்கள். நான் தரையில் உட்கார்ந்திருக்க, தீய்ந்த பால் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டு, அடுப்பைத் துடைத்து, நான் பாப்பாவுக்குப் பால் கொடுத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே இருந்தீர்கள். உங்கள் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற வீட்டு ஆர்டர்கள் வண்டியில் காத்திருந்தன. நீங்கள் எடுக்கவில்லை.

அப்போதுதான் கெஞ்சினேன். "அக்கா, இதை யார்ட்டயும் சொல்லிராதீக. எங்க அத்தைக்குத் தெரிஞ்சா பிள்ளைய ஊருக்குத் தூக்கிட்டுப் போயிருவாக. ஏற்கனவே ஒத்தையில வளக்க ஒனக்குத் துப்பில்லைன்னு சொல்லிக்கிட்டு இருக்காக."

"நான் யார்கிட்ட சொல்லப் போறன்? நீ மொதல்ல சாப்புடு."

நீங்கள் போன பிறகுதான் பார்த்தேன். அரிசிப் பையின் மேல் ரத்தம் இருந்தது. முழங்கை கிழிந்ததை என்னிடம் காட்டாமலே போயிருக்கிறீர்கள்.

அன்று சாயங்காலம் அவருடைய போனுக்கு மளிகைக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். கணக்கு அவர் பேரில்தான் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார். ஒரு பெண் குரல் கேட்டது: உங்கள் வீட்டில் எங்கள் ஆள் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றிருக்கிறார், மற்ற ஆர்டர்கள் எல்லாம் தாமதம், உங்கள் வீட்டில் ஏதோ அவசரம் என்கிறார், உண்மையா? அவர் என்னைப் பார்த்தார். "என்ன, ஏதும் நடந்துச்சா?"

"இல்லையே," என்றேன். "குடுத்துட்டு ஒடனே போயிட்டாகளே."

அவ்வளவுதான், அக்கா. ஒரு மூச்சில் சொல்லிவிட்டேன். பாப்பா என் மடியில் அவள் கால் கட்டைவிரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

பத்து நாள் நீங்கள் வரவில்லை. யார் யாரோ வந்தார்கள். ஒருவரிடம் கேட்டேன். "அவங்க ஐடிய பிளாக் பண்ணிட்டாங்க மேடம், பத்து நாளைக்கு வேலை கெடையாது. பொய் சொல்லிட்டாங்களாம்," என்றார். அந்தப் பத்து நாளும் நான் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து பால்கனி. அந்தச் சுவரைப் பார்க்க முடியாமல் துணியைக்கூட உள்ளேயே காயப்போட்டேன். உங்கள் நம்பர்கூட என்னிடம் இல்லை.

பதினோராம் நாள் இரண்டு தட்டு கேட்டது. "பாப்பா ஊடு." கதவைத் திறந்ததும் அழுதுவிட்டேன். "நான்தாங்க்கா பொய் சொன்னேன்."

"தெரியும்," என்றீர்கள். "உடு. என் பொண்ணுகூட பத்து நாள் ஊட்ல இருந்தன். பரீட்சைக்கு படிக்கிறா. அம்மா கூடவே இருக்குதுன்னு அவளுக்கு ஒரே சந்தோசம்." கொஞ்ச நேரம் பாப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். "உன் ஊட்டுக்காரருகிட்ட மட்டும் சொல்லிடு. எனக்கோசரம் இல்ல. உள்ள வெச்சிருந்தா அரிச்சிக்கினே இருக்கும்."

சொல்கிறேன் என்றேன். நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, சம்பளம் வந்த பிறகு, அத்தை வந்து போன பிறகு. ஒவ்வொரு தடவை நீங்கள் வரும்போதும் கண்ணால் கேட்பீர்கள். நான் தலையை ஆட்டுவேன். நீங்கள் சிரித்துவிட்டு இறங்குவீர்கள். முழங்கைக் காயம் தழும்பாகிவிட்டது. மழைக்காலம் வந்தது. ஒரு நாள் கண் சிவந்து, உதடு காய்ந்து வந்து நின்றீர்கள். "காய்ச்சல்தான், மாத்திரை போட்டிருக்கன்," என்றீர்கள். நான் கஞ்சி தருகிறேன் என்றதற்கு, "அடுத்த தரம்," என்று போனீர்கள். அடுத்த வாரம் வந்தவர் சொன்னார், டெங்குவாம், ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாளே போய்விட்டீர்களாம்.

அன்று அவர் வேலை முடிந்து வந்து ஷூவைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, பால், வெங்காயத் தோல், மொட்டை மாடி, போன். அவர் பாப்பாவைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். பிறகு, "நான் பக்கத்துலதான ஒக்காந்திருந்தேன். என்னப் பாத்தா ஒனக்கு அம்புட்டுப் பயமா?" என்றார். நான் பயந்த கோபம் அவரிடம் இல்லை. அது இருந்திருந்தால்கூடத் தேவலை. "ஞாயித்துக்கெழம அவுக வீட்டுக்குப் போவோம்," என்றார்.

உங்கள் கூட வேலை பார்த்தவரிடம் விசாரித்துக்கொண்டு, பைக்கில் மூன்று பேரும் சூளகிரியைத் தாண்டிக் குருபரப்பள்ளி போனோம். ரோட்டோரக் கடைகளுக்குப் பின்னால் உங்கள் வீடு. உங்கள் மகள்தான் கதவைத் திறந்தாள். உங்கள் மூக்கு, உங்கள் குரல். யாரென்று தெரியாமலே பாப்பாவைப் பார்த்துக் கை நீட்டினாள், இவளும் போய்விட்டாள்.

நான் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"அந்த ஊடு உங்க ஊடா ஆன்ட்டி?" என்றாள். "ஒரு ஊட்ல புள்ள மாட்டிக்கிச்சின்னுதான் அம்மா சொன்னாங்க. எந்த ஊடுன்னு கேட்டா சொல்லவே இல்ல. கஸ்டமரே அப்பிடி எதுவும் நடக்கலன்னு சொல்லிட்டாங்கன்னு கூட வேலை செய்றவங்க சொன்னாங்க. நாங்க யாரும் நம்பல. அப்பா வேலை செய்ற எடத்துல இருந்து போன்லயே சண்ட போட்டாரு. நான் அந்தப் பத்து நாளும் அம்மாகிட்ட பேசவே இல்ல ஆன்ட்டி. ஒரே ரூம்ல இருந்துக்கினு பேசவே இல்ல."

உங்கள் மகளுக்கு ஒரே சந்தோஷம் என்று நீங்கள் என் வாசலில் நின்று சொன்னது எனக்கு அப்போதுதான் விளங்கியது. என்னால் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. அவள் காலைத் தொடக் குனிந்தேன். பதறிப் பின்னால் நகர்ந்தாள்.

மாங்கூழ் ஆலையில் வேலை பார்க்கும் உங்கள் வீட்டுக்காரர் அதுவரை சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. வெளியே போய் அவருடைய அண்ணனையும் அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூப்பிட்டு வந்தார். "அவ பொய் சொல்றவன்னு இவங்ககிட்ட எல்லாம் நான்தான் சொன்னன்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. மொதல்ல இருந்து சொல்லு."

சொன்னேன், அக்கா. வெயிலில் நின்றுகொண்டு, அத்தனை பேர் முன்னாலும், நீங்கள் சுவரேறியதையும் சொன்னேன், நான் "இல்லையே" என்றதையும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டுச் சொல்லியிருந்தால் கேட்டவர்களுக்கு நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிந்திருப்பேன். விழுங்கவில்லை. முடித்ததும் ஒரு அம்மா உங்கள் பேரைச் சொல்லி ஓவென்று அழுதார். உங்கள் மகள் மட்டும் அழவில்லை. பாப்பாவின் உதட்டை விரலால் தடவி, "இங்கதான் நீலமா இருந்துச்சா?" என்று கேட்டாள்.

அவள் இப்போது எனக்கு அவ்வப்போது போன் செய்கிறாள். அவள் நம்பரை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு தடவையும் அன்றைக்கு நடந்ததில் ஏதாவது ஒன்றைக் கேட்பாள். அம்மா ஷூவைக் கழற்றும்போது என்ன சொன்னாங்க, குழாயை எந்தக் கையில் பிடிச்சாங்க என்று. நானும் அலுக்காமல் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த உங்களை, கொஞ்சம் கொஞ்சமாக, உங்கள் மகளிடம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் மகளுக்கும் புரிகிற வயது வரும். அப்போது அவளுக்கும் சொல்வேன். உன்னைக் காப்பாற்ற ஒருத்தி மூன்றாம் மாடியில் என் கையை விட்டு இறங்கினாள், அவளைக் காப்பாற்ற ஒரு வார்த்தை போதுமாக இருந்தபோது நான் பொய் சொன்னேன் என்று. அவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ தெரியாது. அந்தப் பார்வையை எதிர்கொள்ளத்தான் என்னைத் தயார்படுத்திக்கொண்டிருக்கிறேன்.