என் கையில் கட்டாத பட்டை

மார்ச் 4, செவ்வாய்

இன்று பதினாறு பிரஷர் மெஷின்கள். பதினான்கு சரி, இரண்டு பொய் சொல்லின. பொய் சொல்லும் மெஷினைப் பிடித்துத் தனியே வைக்கத்தான் ஆஸ்பத்திரியில் எனக்குச் சம்பளம்.

மாலையில் என் மகள் வாலு பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சீட்டு கொண்டுவந்தாள். உடல் பரிசோதனையில் இரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகமாம். ஒன்பது வயதில் என்ன இரத்த அழுத்தம்? "மெஷின் கெட்டுப்போயிருக்கும்" என்றேன். "உனக்குத் தெரியாததா" என்று என் வீட்டுக்காரர் பேப்பரைப் புரட்டினார்.

மார்ச் 6, வியாழன்

அரை நாள் லீவு போட்டுப் பள்ளிக்கூடத்துக்கே போய் மெஷினைச் சோதித்தேன். அங்கிருந்த நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கையில் சுற்றும் பட்டை பெரியவர்களுக்குக் கட்டுவது. குச்சிக் கையில் அதைக் கட்டினால் உள்ளதைவிடக் குறைத்துத்தான் காட்டும். குறைத்தே இவ்வளவு என்றால்? கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

மார்ச் 7

குழந்தைகளுக்கான பட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அதிகம்.

மார்ச் 9, ஞாயிறு

அலமாரியைக் குடைந்து அந்த மருத்துவ இதழை எடுத்தேன். சிகிச்சையால் கருத்தரித்துப் பிறந்த குழந்தைகளில் சிலருக்கு இரத்தக் குழாய் சற்று விறைப்பாக இருக்கலாம், அழுத்தம் கொஞ்சம் கூடலாம், இன்னும் உறுதியாகவில்லை என்று போட்டிருக்கிறது. பக்கத்தின் மூலை மடிந்திருந்தது. மடித்தது நான்தான். வாலுவுக்கு அப்போது நான்கு வயது. மடித்தேன், துணிகளுக்கு அடியில் வைத்தேன், மறந்துவிட்டதாக நடித்தேன்.

நாலு வருஷம் ஊசி. அப்புறம் ஒரு கண்ணாடித் தட்டில் உருவானவள் இவள். கேட்டவர்களிடமெல்லாம் "தானா நின்னுது" என்றோம். குழந்தை டாக்டரின் படிவத்தில் 'கருத்தரிக்கச் சிகிச்சை எடுத்தீர்களா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியதும் இந்தக் கைதான். வக்கீலிடமும் வைத்தியரிடமும் மறைக்காதே என்பார்கள். நான் மறைத்தேன்.

புள்ள வேணும்னு ஒத்தக்கால்ல நின்னவ நான். அதுக்கு அவளா அனுபவிக்கணும்?

மார்ச் 10

அவரிடம் சொன்னேன்.

"இப்போ எதுக்கு அதைக் கிளறுறே? ஊர் வாய்ல விழணுமா?"

"ஊர்கிட்ட இல்லீங்க, டாக்டர்கிட்ட."

"அப்புறம் பாப்பா காதுக்கும் போகும். நம்மளை என்னன்னு நினைப்பா?"

பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

மார்ச் 13, வியாழன்

வாலுவை வெளியே மீன்தொட்டிப் பக்கம் உட்காரவைத்துவிட்டு நானும், முனகிக்கொண்டே வந்த அவரும் குழந்தை டாக்டரின் அறைக்குள் போனோம். சிகிச்சை எடுத்ததைச் சொல்லிவிட்டேன். டாக்டரம்மா திட்டவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். பழைய படிவத்தைக் கேட்டு வாங்கி, 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அப்போ என்னாலதானா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. ஒரு குழந்தையை வச்சு யாராலயும் சொல்ல முடியாது. அது இருக்கட்டும், உங்க ரெண்டு பேருக்கும் பிரஷர் எப்படி?"

அவருக்குச் சரியாக இருக்கிறது, போன மாதம்தான் பார்த்தது. எனக்கு? பதினோரு வருடமாக இதே மெஷின்களோடு மாரடிக்கிறேன், ஒரு நாள்கூட என் கையில் கட்டிப் பார்த்ததில்லை. டாக்டரம்மாவே கட்டினார். நூற்று ஐம்பத்தெட்டு. இன்னொரு தடவையும் அதேதான்.

"உங்க வழியாவும் வந்திருக்கலாம்" என்றார்.

மார்ச் 14

சிகிச்சையா, என் ரத்தமா? எப்படிப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து நிற்கிறது. ரெண்டும் இல்லாமலும் இருக்கலாமாம். அதை நம்பத்தான் மனசு வரமாட்டேன் என்கிறது.

மார்ச் 21, வெள்ளி

ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்தில் ஒரு குறையும் இல்லை. உப்பைக் குறைக்க வேண்டும், ஓடியாடி விளையாட வேண்டும், மாதாமாதம் காட்ட வேண்டும். எனக்கு மட்டும் மாத்திரை. அவர் வராந்தா மூலைக்குப் போய் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து, "பாப்பாகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது" என்றார்.

ஏப்ரல் 2

இன்று சொல்லவில்லை. நேற்றும் இல்லை.

ஏப்ரல் 12, சனி

வாலுவுக்கு அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. தினமும் காலையில் முதலில் அவள் கை, பிறகு என் கை. என் கையில் பட்டையைக் கட்டுவதும் நோட்டில் எழுதுவதும் அவள்தான். பெரிய அதிகாரி என்று நினைப்பு.

இன்று கட்டிக்கொண்டிருந்தபோதே ஆரம்பித்தேன். "பாப்பா, நீ பொறக்கிறதுக்கு முன்னாடி..."

"ஸ்! பேசாதம்மா. பேசினா மெஷின் தப்பா காட்டும்னு நீதானே சொன்னே?"

வாயை மூடிக்கொண்டேன். பட்டை இறுகியது, தளர்ந்தது. எண்ணைப் பார்த்து, "உன்னுதுதான் இன்னும் மோசம்" என்று சந்தோஷமாக எழுதினாள். பட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தாள். பிறகு என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ம், இப்போ சொல்லு."

சொன்னேன்.