பாடியவர் பெயர்

என் குஞ்சுக்கு,

ஹம்பேர்க்குக்கு அனுப்பும் மிளகாய்த்தூளோடு இதையும் வைக்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய்.

மேல்வீட்டு மாலிஸ் அன்ரி, தன் கணவர் தச்சுவேலை செய்தவர் என்றுதானே நமக்குச் சொல்லியிருந்தார்? பொய். அவர் கம்போடியாவில் படங்களுக்குப் பாடியவர். பொல்பொட்டின் ஆட்கள் நகரத்துச் சனத்தையெல்லாம் வயலுக்குக் கொண்டுபோய், "பாட்டுக்காரர் ஆராவது இருந்தால் எழும்புங்கோ" என்று கேட்டார்களாம். அவர் சட்டையைத் தட்டிக்கொண்டு எழும்பினாராம். பிறகு திரும்பி வரவேயில்லை.

நேற்று அன்ரியின் பேத்தி யூடியூப்பில் அவர்களின் பழைய கெமர் மொழிப் பாட்டுகளைப் போட்டாள். ஒரு பாட்டு வந்ததும் அன்ரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இது உன்ர தாத்தா" என்றார். வீடியோவுக்குக் கீழே, பாடியவர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது. பேத்தி பெயரை எழுதப்போனாள். அன்ரி அவள் கையை இறுக்கிப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம். வந்து கேப்பினம்."

ஐம்பது வருடம் கழித்து, ஜேர்மனியில் பீலெஃபெல்டில் இருந்துகொண்டு! பேத்திக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

அப்பா இயக்க மேடையில் பாடிய கசெற்றை இணையத்தில் ஏற்றப்போவதாகச் சொன்னாய். ஏற்று. சண்டை முடிந்தபோது, வட்டுவாகலில் இயக்கத்தோடு இருந்த எல்லாரையும் சரணடையச் சொல்லி ஆமி ஒலிபெருக்கியில் கூப்பிட்டபோது நீ என் இடுப்பில் இருந்தாய். "நான் பாட்டுத்தானே பாடினனான், விசாரிச்சுப்போட்டு விட்டிடுவினம்" என்று சொல்லி, உன்னைக் கொஞ்சிவிட்டுத்தான் போனார். உனக்கு நினைவிருக்காது.

பெயரை மட்டும் போடாதே. அதை அவரே வந்து சொல்லட்டும்.

உன் அம்மா