மலையேறிய தீயைக் குறித்துக் கொற்றியாருக்கு விடுத்த ஓலை

மழை பொழுது தவறாமல் பெய்க. மலை குளிர்க. மலையை நம்பி வாழ்பவரும், மலை யாரை நம்பி நிற்கிறதோ அவரும் நலமே இருக்க.

நெடுந்துறை மாநகரில் அரியணை அமர்ந்து, ஐந்து ஆற்றுக்கும் மூன்று மலைக்கும் உரிமை பூண்டு, குடிகளின் குறை கேட்ட பின்னரே அமுது கொள்ளும் நோன்புடைய கோமகள் அவனிநங்கையார், தமது ஆட்சியின் பதினான்காம் ஆண்டு ஆனித் திங்கள் ஏழாம் நாள், குடபுலத்து வேந்தரின் நிழலில் தங்கியிருக்கும் கோடைப்பொறை மலைக்காவல் நாயகி கொற்றியாருக்கும், அவரோடு எல்லை கடந்து சென்ற ஒன்பது சிற்றூர்க் குடிகளுக்கும் விடுத்த ஓலை. இடம் தந்த வேந்தரின் நாடு செழிக்க. அவருடைய நெற்குதிர்கள் நிறைக. அவர் நம் மக்களுக்கு இட்ட சோற்றுக்கு இந்நாடு என்றும் நன்றியுடையது.

இவ்வோலையை எழுதும் கை ஓலைநாயகம் வெண்காடனுடையது. அரண்மனைக்கு வரும் ஓலைகளைப் படித்துப் பொருள் சொல்லும் பொறுப்பை இருபது ஆண்டுகளாகச் சுமந்தவன் அவன். கொற்றியாரின் கணவனும் அவனே. பிழை செய்தவன் கையாலேயே பிழை எழுதப்பட வேண்டும் என்றும், ஆனால் 'நான்', 'என்' என்று சொல்லித் தன்மேல் தானே இரக்கம் தேடிக்கொள்ளாமல், யாரோ ஒருவனைப் பற்றி எழுதுவதுபோல் எழுதக் கடவன் என்றும் கோமகளார் பணித்தருளினார். ஆகவே வெண்காடன் வெண்காடனைப் பற்றி எழுதுகிறான். பிறர் குற்றத்தை எழுதுவது அவனுக்குக் கைவந்த கலை. தன் குற்றத்தை எழுதப் புகுந்தபோது எழுத்தாணி அழுந்தி இரண்டு ஓலைகள் கிழிந்தன, இது மூன்றாவது.

நடந்தது இது. பங்குனித் திங்கள் பன்னிரண்டாம் நாள் காலை மலையிலிருந்து முதல் ஓலை வந்தது. கோரையாற்றுச் சரிவில் தீப் பற்றிக்கொண்டது, ஆளும் தானியமும் அனுப்புக என்று அதில் இருந்தது. அன்று ஒருவரும் சோம்பி இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உச்சிப்பொழுது சாயுமுன் முந்நூறு பேர் கோடரியோடு திரண்டனர். நெல்லும் துணியும் தண்ணீர்ச்சால்களும் ஏற்றிய நாற்பது வண்டிகள் வடக்கு வாயிலைக் கடந்தன. மறுநாள் நடுப்பகலில், வண்டிகள் பாதி வழி போயிருந்த வேளையில், இரண்டாம் ஓலை வந்தது. அதில் இருந்தவை இவ்வளவே: "தீ மலையேறிற்று. இனி அடிவாரத்துக்கு ஆள் வேண்டா."

நெடுந்துறையில் விளக்கு அணைவதில்லை. அணைந்தது என்று சொன்னால் மங்கலக் குறைவு என்பதால், விளக்கு மலையேறிற்று என்பார்கள். அகல் விளக்கு முதல் அடுப்பு நெருப்பு வரை எல்லாம் இங்கே மலையேறும். அரசவையிலோ கேட்கவே வேண்டாம். 'அணைந்தது' என்ற சொல்லை ஓலையில் எழுதியதற்காகவே வேலை இழந்த எழுத்தன் ஒருவன் உண்டு. அந்த வழக்கில் ஊறிப்போன வெண்காடன் ஓலையை விரித்தான், படித்தான், தீ அணைந்துவிட்டது, இனி ஆள் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள் எனக் கோமகளார்க்குப் பொருள் சொன்னான். கோமகளார் கைகூப்பினார். அவையில் பாயசம் வழங்கப்பட்டது. வண்டிகள் திரும்புக என்ற ஆணையை வெண்காடனே எழுதினான். எழுத்து முத்துமுத்தாக இருக்கிறதென்று பக்கத்திலிருந்தவர் பாராட்டியதும், அதற்கு அவன் மகிழ்ந்ததும் மறைக்கக்கூடியவை அல்ல.

கொற்றியார் எழுதியதோ உள்ளதை உள்ளபடி. தீ சரிவைவிட்டு மேலே ஏறிவிட்டது. இனி அடிவாரத்தில் ஆள் நின்று பயனில்லை. வடக்குக் கணவாய் வழியே உச்சியூர்களுக்கு அனுப்புக என்பதே அதன் பொருள். மலைக்காரருக்கு ஏறுவது என்றால் ஏறுவதுதான். ஓலை ஐந்து கை மாறி வந்தது. கடைசியாகக் கொண்டுவந்தவன் சமவெளிக்காரன். மலையைக் கண்ணால் கண்டவனல்லன். அவனைக் கேட்டிருந்தாலும் விடை கிடைத்திராது.

வேறு யார் இப்படிப் படித்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். வெண்காடனைப் பொறுக்க வழியில்லை. மணம் முடித்து வந்த புதிதில் கொற்றியார் நகரத்து வீட்டில் மூன்று ஆண்டுகள் இருந்தார். விளக்கை அணை என்று அவர் சொல்லும்போதெல்லாம் வீட்டார் பதறித் திருத்துவார்கள். ஒருநாள் அவர் பொறுமை இழந்து கேட்டதை, அவர் வாய்ச்சொல் மாறாமல் இங்கே எழுதக் கோமகளார் இசைந்தார்: "ஏங்க, ஒரு வெளக்க அணைக்கிறதுக்கு எங்க மலையத்தான் இழுக்கணுமா? எங்க ஊர்ல நெருப்பு மலையேறுச்சுன்னா புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு ஓடணும்ங்க." வெண்காடன் அன்று விழுந்து விழுந்து சிரித்தான். ஆக, அந்தச் சொல்லின் இரண்டு பொருளும் தெரிந்தவன் அரசவையில் அவன் ஒருவன் மட்டுமே. அறியாமல் செய்தான் என்று யாரும் அவனுக்காகப் பரிந்து பேச வேண்டாம். அறிந்திருந்ததை மறந்தான், மறக்கும் அளவுக்கு அவரை விட்டு விலகி வாழ்ந்திருந்தான்.

இரண்டாம் ஓலை வந்த நான்காம் நாள் முற்பகலில் மலைக்காவலன் காரி அரண்மனை வாயிலில் வந்து நின்றான். ஒருபுறத்துத் தலைமயிரும் புருவமும் கருகியிருந்தன. அவன் உரைத்தது அவைக்குறிப்பில் உள்ளபடி: "ஏறிடுச்சுன்னுதானே சொல்லி விட்டோம்? ஏறுற நெருப்புக்கு முன்னால போயி ஆளு நிக்கணும்னு தெரியாதா சாமி உங்களுக்கு? மூணு நாளு கணவாயவே பாத்துக்கிட்டுக் கெடந்தோம். இந்தா வண்டிமாட்டுச் சத்தம், இந்தா வந்துட்டாங்கன்னு நாயகி சொல்லிக்கிட்டே இருந்துச்சு. வருவாங்க, எங்க வூட்டுக்காரருதான் ஓலையப் படிக்கிறவருன்னு சொல்லுச்சு." உச்சியூர்கள் ஒன்பதில் ஆறு எரிந்து போயின. முப்பத்தொருவர் மாண்டனர். அவர்கள் பெயர்களை அன்றே தனி ஓலையில் வெண்காடன் எழுதினான். ஒவ்வொன்றையும் எழுதுமுன் உரக்கச் சொல்லி எழுதினான்.

பிழை அத்தோடு நின்றிருந்தால் கொற்றியார் எல்லை கடந்திருக்க மாட்டார் என்பது வெண்காடன் துணிபு. உதவி வழங்கப் போன அதிகாரிகள், வீடு இழந்தவர் தம் வீட்டு வாசல் நிலையைக் கொண்டுவந்து காட்டினால்தான் நெல் அளப்போம் என்றனர். அது கோமகளாரின் பாட்டனார் வகுத்த விதி. ஆற்று வெள்ளத்துக்காக வகுத்தது. வெள்ளம் சுவரைக் கரைத்தாலும் நிலையை விட்டுவைக்கும். தீ எதை விட்டுவைத்தது? பச்சைப் புண்ணோடு நின்றவர்களிடம் மரச்சட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள். கொற்றியார் அதைக் கேட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்தார், ஒன்பது ஊரையும் கூட்டிக்கொண்டு மேற்கே நடந்தார் என்று சேதி வந்தது. சொல்லாமல் எழுந்தார் என்றதும், சேதி கொண்டுவந்தவனை வெண்காடன் அதை மீண்டும் சொல்லச் சொன்னான். கொற்றியார் சண்டை போட்டால் பிழைத்தோம். அவர் வாய்மூடினால் போய்விடுவார் என்பது அவனுக்குத் தெரியும்.

ஆதலால் கோமகளார் கட்டளையிட்டருளியது. இனித் தீயைப் பற்றிய ஓலைகளில் மங்கலம் பார்க்க வேண்டா. எரிந்தால் எரிகிறது என்றும் அணைந்தால் அணைந்தது என்றும் எழுதுக. கொண்டுவருபவன் தீயைக் கண்ணால் கண்டவனாகவே இருக்க. கணவாயின் இருபுறமும் நெற்களஞ்சியம் கட்டப்படும். அதன் திறவுகோல் மலைக்காவல் நாயகியிடமே இருக்கும். திறப்பதற்கு அரண்மனை முத்திரைக்காகக் காத்திருக்க வேண்டா. தீயணைக்கும் முந்நூறு பேரும் மாசி பிறக்குமுன்னரே மேலே வந்து தங்கி, நாயகி சொன்ன இடத்தில் படுத்து, சொன்ன இடத்தில் வெட்டுவர். வீடு இழந்தவர் யாரிடமும் எதையும் கொண்டுவந்து காட்ட வேண்டா. அதிகாரி நடந்து வருவான், ஊரார் வாய்ச்சொல்லே சான்று, முதல் அளவை நெல் கேள்வியின்றி அளக்கப்படும்.

இன்னொன்றும் உண்டு. பனி விலகும் காலத்தில் காய்ந்த புல்லைத் தாமே சிறுகச் சிறுக எரித்து மலையைக் காப்பது ஒன்பது ஊரின் பழைய முறை. கோமகளாரின் தந்தையார் வேட்டைக்கு வருபவர். மானுக்கு மேய்ச்சல் குறையும் என்று அதைத் தடுத்தார். பதினேழு ஆண்டுப் புல் அங்கே மண்டிக் கிடந்தது. கொற்றியார் அதைச் சுட்டி ஐந்துமுறை எழுதியிருந்ததும், ஐந்தும் உரிய காலத்தில் பரிசீலிக்கப்படும் என்று அழகாக மறுமொழி பெற்றதும் இப்போது தெரியவந்தன. மறுமொழி எழுதிய கை எதுவென்று கொற்றியார் அறிவார். தடை இன்றோடு நீங்கிற்று.

இக்கட்டளைகள் நீங்கள் திரும்பினாலும் திரும்பாவிட்டாலும் நிற்கும். ஆடித் திங்கள் முடியுமுன் விடை சொன்னால் விளைநிலம் தருவதாகக் குடபுலத்து வேந்தர் உங்களுக்கு வாக்களித்திருப்பதைக் கோமகளார் அறிவார். அது நல்ல நிலம். தண்ணீர் உள்ள நிலம். அங்கே தங்குவது உங்கள் உரிமை. தடுக்க ஆள் வராது. ஆனால் நீங்கள் இல்லாத கோடைப்பொறை அடுத்த கோடையைத் தாங்காது என்பதும் உண்மை. நகரிலிருந்து நாற்பது காவலர் மலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்கள் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று அறியாமல் பள்ளத்தாக்கின் நடுவே தடம் வெட்டினர்; பிறகு தேனீக்கள் அவர்களைத் துரத்தி நகரம்வரை கொண்டுவந்து விட்டன. ஆகவே கோமகளார் ஆணையிடவில்லை; வாருங்கள் என்று அழைக்கிறார்.

இதற்குமேல் எழுதப்படுவது அரசோலையில் இடம்பெறத் தக்கதா என்று அமைச்சர் இருவர் முகம் சுளித்தனர். பிழையின் வேர் அங்கேதான் கிடக்கிறது, எழுதட்டும் என்று கோமகளார் அருளினார்.

கொற்றியாரின் தந்தை மறைந்தபின் மலைக்காவல் பொறுப்பு அவரிடம் வந்தது. இரண்டு ஆண்டு பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். பதினொரு ஆண்டுகள் ஆயின. வெண்காடன் போயிருக்கலாம். இந்த அறுவடை முடியட்டும், இந்தத் தூதுவர் திரும்பட்டும் என்று அவன் தள்ளிக்கொண்டே வந்தான். இருவருக்கும் இடையே போய்வந்தவை அலுவல் ஓலைகளே. ஒருமுறை சுனைநீர் வற்றியதைப் பற்றிய ஓலையின் கடைசியில், இங்கே வேங்கை பூத்திருக்கிறது என்று அவர் எழுதியிருந்தார். கணக்கில்லாத வேலையில் கிடந்த அந்த மூடன் அதை மரம், செடி என்ற ஓலைக்கட்டோடு சேர்த்துக் கட்டிவைத்தான். போன மாதம் அவருடைய ஓலைக்கட்டுகளை எல்லாம் அவிழ்த்தபோது அப்படிப்பட்ட வரிகள் பதினாறு அகப்பட்டன. இந்த ஆண்டுத் தேன் கசக்கிறது என்று ஒன்று. புதிதாக ஒரு திரை நெய்தேன், வாசலுக்கு அகலம் அதிகம் என்று ஒன்று. எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிவைத்துக்கொண்டு அவன் பகல் முழுவதும் உட்கார்ந்திருந்தான். அவர் நடக்கும் ஓசை அவனுக்கு நினைவிருக்கிறது. குரல் சில நாளாக நினைவுக்கு வர மறுக்கிறது. அவரைக் காணாமல் இனி ஒரு கோடையைக் கழிக்க முடியாது என்பதை அவன் காலங்கடந்து அறிந்தான்.

வெண்காடன் இன்றுமுதல் ஓலைநாயகம் அல்லன். இவ்வோலையை அவனே சுமந்து வருவான். எல்லைக்கல்லுக்கு இப்பால் நிற்பான். கொற்றியாரின் சொல்லின்றி ஓர் அடியும் அப்பால் வைக்கக் கடவன் அல்லன். குடிகள் திரும்பினால் அவன் மலைக்காவல் நாயகியின் எழுத்தனாக அவர் ஏவிய வேலையைச் செய்வான். திரும்பாராயின் அவன் நெடுந்துறைக்கு மீண்டு, தன் வீட்டில் தனியே வாழக் கடவன். அதுவே அவனுக்குத் தண்டனை.

இப்படிக்கு, மலையும் ஆறும் பொறித்த முத்திரை இட்டு, அவை அறிய, கோமகள் அவனிநங்கையார் திருவாய்மொழிந்தபடி எழுதி முடிந்தது. முத்திரைக்கு மேலுள்ளது யாவும் ஆணை. கீழே ஓரிரு வரி வெண்காடன் தனக்காக எழுதிக்கொள்ளலாம், அதைத் தாம் படிக்கப்போவதில்லை என்று கோமகளார் முகம் திருப்பிக்கொண்டார்.

(முத்திரை)

கொற்றி, நீ மக்களைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தாலும் சரி, அங்கேயே தங்கிவிட்டாலும் சரி, கல்லைத் தாண்டி நான் உன்னிடம் வரட்டுமா?